பழைய சுசுகி ஜிஎஸ்: ஸ்டார்ட்டர் கிளட்ச் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்ஃப் பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றும், எஞ்சின் அசையாது. 1970களின் பிற்பாதியில் வந்த சுசுகி ஜிஎஸ்750, ஜிஎஸ்1000 பைக்குகளுக்கு இது பழகிய நோய். கிரேங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னெட் ரோட்டரின் முதுகில் இருக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச், அதாவது செல்ஃப் மோட்டாரின் சுற்றை ஒரு திசையில் மட்டும் எஞ்சினுக்குக் கடத்தும் கிளட்ச், வழுக்குகிறது என்று பொருள். 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் கவரைத் தொடாதீர்கள். பேட்டரி, ரிலே, வயர் முனைகளைப் பாருங்கள்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு வேலையைத் தொடங்குங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் இடப்பக்க கவரைத் திறந்ததுமே ஆயில் கொட்டும்.

ரோட்டர் வராவிட்டால் விளிம்பில் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. காந்தத் துண்டு விரிசல் விடும், கிரேங்க் முனையும் அடிபடும். ரோட்டருக்குரிய புல்லர் போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் ஒரு சுருக்கென்ற தட்டு போதும், டேப்பர் (ரோட்டர் இறுகி உட்காரும் கிரேங்கின் கூம்பு முனை) விட்டுவிடும்.

கிளட்ச்சின் உள்ளே மூன்று ரோலர், மூன்று ஸ்பிரிங், அவற்றைத் தள்ளும் மூன்று பின்கள். கையால் மூடிக்கொண்டே எடுங்கள், ஸ்பிரிங் தெறித்து ஓடும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போட்டால் சில நாளில் மறுபடி வழுக்கும். மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். ரோலர் பிடிக்கும் கியர் பாஸ் (கியரின் நடுவில் நீண்டிருக்கும் உருளைப் பகுதி) மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் கியரையும் மாற்ற வேண்டும். புது ரோலர் மட்டும் போட்டுப் பயனில்லை.

பெரும்பாலான வேலை தோற்பது இதற்குப் பிறகுதான். கிளட்ச் பாடியை ரோட்டரோடு பிணைக்கும் மூன்று ஆலன் போல்ட்டுகள் தளர்ந்து வருவதே இந்த எஞ்சினின் அடிப்படைக் கோளாறு. ஐட்லிங்கில் இடப்பக்கம் கடகடவென்று கேட்டால் கேம் செயினைக் குறைசொல்லும் முன் இவற்றைப் பாருங்கள். பழைய போல்ட்டை அப்படியே திரும்பப் போடாதீர்கள். துளையின் மரையில் ஆயில் ஒட்டியிருந்தால் த்ரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) பிடிக்காது; பிரேக் கிளீனர் அடித்து, காய விட்டு, அதிக வலுவுள்ள சிவப்பு த்ரெட் லாக் தடவி, மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். நீளம் கூடிய போல்ட் போட்டால் முனை வெளியே நீண்டு கியரில் உரசும். வெல்டிங் வைக்கவே வேண்டாம், சூடு காந்தத்தைக் கெடுத்துவிடும்.

போல்ட்டின் தலை ஒன்று காணவில்லை என்றால் கிடைக்கும்வரை தேடுங்கள். ரோட்டர் காந்தத்தில் ஒட்டியிருக்கும் மினுமினுப்பான தூளையும் துடைத்தெடுங்கள்.

கிரேங்க் டேப்பரும் ரோட்டர் துளையும் ஆயில் துளி இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். மாட்டும் முன் கியரைக் கையால் திருப்புங்கள்: ஒரு பக்கம் வழவழவென்று சுற்றி, மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். கால் சுற்று ஓடிப் பிடித்தால் ஒரு ரோலர் சிக்கியிருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

பேட்டரி சோர்ந்திருந்தால் எஞ்சின் பின்னடித்து ரோலரை நொறுக்கும். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள்.