டரான்டுலா சட்டை உரிக்கப் போகிறதா? முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

"அண்ணா, என் சிலந்தி சாப்பிட மாட்டேங்குது, செத்துடுமா?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் முதல் தடவையாக டரான்டுலா வளர்க்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். பல சமயம் நோய் எதுவும் இருக்காது, சட்டை உரிக்கத் தயாராகிக்கொண்டிருக்கும். டரான்டுலாவின் மேல்தோல் கெட்டியானது, உடம்போடு சேர்ந்து வளராது. அதனால் அடியில் புதுத்தோல் உருவானதும் பழையதை முழுசாகக் கழற்றிப் போட்டாக வேண்டும். குஞ்சுகள் சில வாரங்களுக்கு ஒரு முறை உரிக்கும். வளர்ந்த பெண் சிலந்தி வருஷத்துக்கு ஒரு தடவையோ, அதைவிடத் தாமதமாகவோ உரிக்கும்.

படி 1: சாப்பாட்டைக் கவனியுங்கள்

நேற்று வரை பாய்ந்து பிடித்த சிலந்தி இன்று பூச்சி பக்கத்தில் வந்தாலே ஒதுங்கிப் போகும், இல்லை காலால் தள்ளிவிடும். குஞ்சு என்றால் இது சில நாட்கள், பெரியது என்றால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். நம் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடாமல் இருப்பதைப் போல, அதுவும் கலங்காமல் இருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிலி ரோஸ் வகை, சட்டை உரிக்கும் எண்ணமே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

படி 2: வயிற்றைப் பாருங்கள்

நான் மிகவும் நம்பும் அறிகுறி இதுதான். மெக்சிகன் ரெட் நீ போன்ற அமெரிக்கக் கண்ட வகைகள் பயந்தால் பின்னங்காலால் வயிற்றுமுடியை உதறிவிடும், அந்த முடி பட்டால் நமக்கு அரிக்கும். உதறிய இடம் வழுக்கையாகி, வெளிர் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். புதுத்தோலும் அதன் கருமுடியும் அடியில் வளர வளர, அந்த வழுக்கை கறுத்துக்கொண்டே வரும். கடைசியில் நாவல்பழ நிறத்தில், பளபளவென்று, தோல் இழுத்துக் கட்டியதாகத் தெரியும். அப்போது நாள் நெருங்கிவிட்டது. வழுக்கை இன்னும் வெளிறியே இருந்தால் அவசரம் இல்லை. வாராவாரம் ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும்.

பபூன் ஸ்பைடர் எனப்படும் நம் நாட்டு டரான்டுலாக்களுக்கு இந்த உதிர்முடி கிடையாது, அதனால் வழுக்கையும் விழாது. அவற்றில் வயிறு உப்புவதையும் உடம்பு நிறம் மங்குவதையும்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: தென்னாப்பிரிக்காவில் ஹார்பாக்டிரா, செரட்டோகைரஸ், டெரினோகிலஸ் என்ற பபூன் ஸ்பைடர் இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் காட்டிலிருந்து பிடித்து வந்து வளர்க்காதீர்கள்.

படி 3: நடத்தையைக் கவனியுங்கள்

அசைவு குறையும், நடை மந்தமாகும். வளையில் இருப்பது வாசலை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பயந்துபோய்த் தோண்டிப் பார்ப்பது இந்த இடத்தில்தான். தயவுசெய்து தோண்டாதீர்கள்! கடைசிக் கட்டத்தில் தரையில் வெள்ளையாக ஒரு நூல் விரிப்புப் பின்னி, அதன்மேல் மல்லாந்து படுக்கும்.

படி 4: மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள்

செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போடப்பட்ட சிலந்திகளைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு மனசு தாங்காது. சாகும் டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே, கால்களை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும். காலை நீட்ட அது உடம்புத் திரவத்தின் அழுத்தத்தை நம்பியிருக்கிறது, அழுத்தம் போனால் கால் சுருண்டுவிடும். மல்லாந்து, கால் விரிந்து கிடப்பது உரிக்கும் நிலை.

முதலில் தலைப்பக்க மேலோடு மூடி திறப்பதாகக் கிளம்பும். அப்புறம் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு உருவப்படும். குஞ்சுக்கு அரை மணிக்குள் முடியலாம், பெரியதுக்குப் பல மணி நேரம் ஆகும். ஊதாதீர்கள், பெட்டியைத் தட்டாதீர்கள், இடுக்கியால் இழுத்து உதவாதீர்கள். அந்த நேரத்தில் அதன் உடம்பு அவ்வளவு மென்மையானது.

படி 5: பெட்டியைத் தயார் செய்யுங்கள்

இதை அறிகுறி தெரிந்த உடனேயே செய்துவிடுங்கள். உள்ளே இருக்கும் உயிருள்ள பூச்சிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். புதுத்தோலோடு கிடக்கும் சிலந்தியை ஒரு சில்வண்டே கடித்துக் குதறிவிடும். தண்ணீர்த் தட்டு எப்போதும் நிறைந்திருக்கட்டும். கையில் எடுப்பதும், மண் மாற்றுவதும், பெட்டி மாற்றுவதும் வேண்டாம்.

ஈரப்பதம் விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் செய்கிறார்கள். டர்பன் கோடையில் காற்றே பிசுபிசுவென்று இருக்கிறது, தண்ணீர்த் தட்டு ஒன்றே பெரும்பாலும் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று வறண்டு, அறையில் ஹீட்டரும் ஓடும். அங்கே பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தேங்காய் நார்த்தூளை லேசாக நனைத்து வையுங்கள். சிலந்தியின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம், தரை சொதசொதவென்று ஆனால் பூஞ்சைதான் பிடிக்கும்.

படி 6: உரித்த பிறகு

பல்லைப் பாருங்கள். உரித்த உடனே வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்தால்தான் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம், அதற்கு முன் இரை போடக்கூடாது. குஞ்சுக்குச் சில நாட்கள், பெரியதுக்கு ஒன்று இரண்டு வாரங்கள் பொறுங்கள்.

சிலந்தி அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு, கழற்றிய சட்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். காய்ந்து நொறுங்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெல்ல விரித்தால், பெண்ணாக இருந்தால் விந்துப் பையின் (ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை) உறையும் அதோடு உரிந்து வந்திருப்பது தெரியும். குஞ்சுகளில் இதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.

முதல் இரையாகச் சின்னப் பூச்சி ஒன்று போதும். மறுநாள் வரை தொடவில்லை என்றால் எடுத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள்.