வெளிநாட்டிலிருந்து பவர் அனுப்புகிறீர்களா? கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

ஊரிலுள்ள மனையை விற்கவோ பார்த்துக்கொள்ளவோ அண்ணனுக்கோ மச்சானுக்கோ பவர் (நம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்புவது துபாய், சிங்கப்பூர் வாசிகளுக்குப் பழகிய விஷயம்தான். இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு சீல் வாங்கியதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டால் காட்டுவதற்குத்தான் அது வந்த கூரியர் உறை.

அடுத்தது பெயர். சொத்தின் பழைய பத்திரத்தில் 'மு. செல்வராஜ்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டிலோ 'செல்வராஜ் முத்தையா'. இரண்டும் ஒருவரே என்று பவரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சர்வே எண், கிராமம், வட்டம் எல்லாவற்றையும் பழைய பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

சொந்தக்காரர்தானே என்று எல்லா அதிகாரத்தையும் தரும் பொதுப் பவர் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வாடகை வசூலிக்க மட்டும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் தேவையில்லை என்றால், அது கிடையாது என்று வெளிப்படையாகவே குறிப்பிடலாம். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பவர் கொடுத்த பிறகும் பதிவுத்துறை இணையதளத்தில் அவ்வப்போது வில்லங்கம் (சொத்தின் மீது நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

விவசாய நிலம் வாங்கத்தான் பவர் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் அதை விலைக்கு வாங்க அனுமதியில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.