பேஸ்பாலில் எந்த இளம் வீரரை விட்டுக்கொடுக்கலாம்?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் வீரர்களைக் கைமாற்றும் காலக்கெடு ஜூலை இறுதியை ஒட்டி வருகிறது. பட்டம் வெல்லும் வாய்ப்புள்ள அணி அப்போது கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் ஆடும் தன் இளைஞர்கள் சிலரைக் கொடுத்து, அனுபவமுள்ள ஒருவரை வாங்க முனையும். யாரைக் கொடுப்பது என்று முடிவுசெய்பவர், பத்திரிகைகள் போடும் தரவரிசையை எடுப்பதற்கு முன் மேஜர் லீக்கில் ஆடத் தகுதியுள்ளவர்கள் அடங்கிய தம் அணியின் 40 பேர் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும்.

பதினெட்டு வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான வீரரை ஐந்து சீசன்களுக்குள்ளும், அதற்குப் பிந்திய வயதில் வந்தவரை நான்கு சீசன்களுக்குள்ளும் அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5' தேர்வில் வேறோர் அணி அவரை 1,00,000 டாலருக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, வரும் குளிர்காலத்தில் இடம் தர முடியாதவர்கள் யார் யார் என்று ஜூலையிலேயே எழுதிவைத்து, பேச்சுவார்த்தையில் அவர்களையே முதலில் முன்வைக்க வேண்டும்.

அடுத்து, ஒரே இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2016இல் சிகாகோ கப்ஸ் அணி, பிட்சர் (பந்து வீசுபவர்) அரோல்டிஸ் சாப்மனுக்காக 19 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்) க்ளேபர் டோரஸையும் வேறு மூவரையும் நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. சாப்மனின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிவதாக இருந்தது. ஆனால் 22 வயது அடிசன் ரஸ்ஸலும் 23 வயது ஹாவியர் பயேஸும் அதே இடத்தில் ஆடக்கூடியவர்களாக ஏற்கெனவே மேல் அணியில் இருந்ததால் டோரஸுக்கு வழி அடைபட்டிருந்தது. கப்ஸ் 1908க்குப் பிறகு முதன்முறையாக அவ்வாண்டு மேஜர் லீக்கின் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றது. அந்த விலை சரியான விலை என்றே நான் கருதுகிறேன்.

வழி அடைபட்டிருக்கிறது என்பது மட்டுமே காரணமாகிவிடக் கூடாது. 1990 ஆகஸ்ட் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ் இருந்த நிலையில், அதே இடத்தில் ஆடிய ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்கு அனுப்பி, ஆட்டத்தின் நடுவில் இறங்கி வீசும் ரிலீஃப் பிட்சர் லாரி ஆண்டர்சனைப் பெற்றது. மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ நிலையில் பேக்வெல் அடித்த ஹோம் ரன்கள் (மைதான எல்லையைத் தாண்டும் அடிகள்) வெறும் 4. ஆனால் அவருடைய பேட்டிங் சராசரி .333, ஸ்டிரைக்அவுட்டைவிட (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) அவர் வாங்கிய 'வாக்' (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ் கிடைப்பது) அதிகம். எந்தப் பந்தை அடிக்கலாம், எதை விடலாம் என்று கண் அறிந்த ஆட்டக்காரரின் கணக்கு இது. ஹூஸ்டன் அவரை முதல் பேஸுக்கு மாற்றியது. 1991இல் சிறந்த புதுமுகமாகவும், 1994இல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகவும் தேர்வானார். ஆண்டர்சனோ சீசன் முடிந்ததும் பாஸ்டனை விட்டுப் போய்விட்டார். எனவே, "இவர் வேறு இடத்தில் ஆட முடியுமா? ஹோம் ரன் எண்ணிக்கை மறைக்கும் திறமை ஏதும் உண்டா?" என்ற இரு கேள்விகளுக்கும் பயிற்சியாளர்களிடம் பதில் பெறாமல் கையெழுத்திடக் கூடாது.

பிட்சர்களின் நிலை வேறு. தோள், முழங்கைக் காயங்கள் எப்போது வரும் என்று யாராலும் கூற முடியாததால், ஏறத்தாழ சமமான இருவரில் ஒருவரைக் கொடுக்க நேர்ந்தால் பிட்சரைக் கொடுப்பதே பொதுவாக நல்லது. 1987இல் டெட்ராய்ட் டைகர்ஸ், 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து அட்லாண்டாவிடமிருந்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அலெக்சாண்டர் 9 வெற்றி, தோல்வியே இல்லை என்று வீசி அணியைப் பிரிவின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார். ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றதை வைத்து அந்த முடிவைப் பழிப்பவர்கள், அவர் அப்போது டபுள்-ஏவில் 4 வெற்றி, 10 தோல்வியோடு திணறிக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, பேரத்தின் ஓரத்தில் சேர்க்கப்படும் பதின்வயதுப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். 2016இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ், பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக சான் டியாகோவுக்கு அனுப்பிய இருவரில் ஒருவர், பின்னாளில் நட்சத்திர வீரரான ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். அப்போது அவருக்கு வயது 17, தொழில்முறைப் போட்டி ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு பெயரை எதிரணி கேட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன் வீரர்களின் திறமையைக் கணிக்கும் உங்கள் ஸ்கவுட் ஒருவரை அந்தப் பையனின் பயிற்சி மைதானத்துக்கு மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.