விடுப்புக் கணக்கில் சேர வேண்டிய நாள்கள்

திருவொற்றியூர், வியாசர்பாடிப் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களில், ஆண்டு முடிவில் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, 'வ' குறியிட்ட கட்டங்களை மட்டும் எண்ணிச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தீர்மானிக்கும் வழக்கத்தைப் பார்க்கிறேன். இது தொழிலாளியின் உரிமையைப் பறித்துவிடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 240 நாள் வேலையை நிபந்தனையாக வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அது 180 நாளாகக் குறைந்துள்ளது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்ற விகிதம் மாறவில்லை.

பேக்கிங் பிரிவில் உள்ள ஒரு பெண் 26 வார மகப்பேறு விடுப்பில் இருந்துவிட்டு, அதே ஆண்டில் 120 நாள் வேலைக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். மகப்பேறு நாள்களையும் சேர்த்தே 180ஐக் கணக்கிட வேண்டும் என்பதால் அவர் தகுதி பெறுகிறார். ஆனால் விடுப்பு ஈட்டுவது வேலை செய்த 120 நாளுக்கு மட்டுமே, அதாவது ஆறு நாள். பலரும் இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாகக் குழப்பி, "தகுதியே இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லலாம். முறைப்படி கேட்டும் நிர்வாகம் மறுத்த விடுப்புக்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைத் தேதியுடனும் கையொப்பத்துடனும் கோப்பில் வைத்திருங்கள்.