பிள்ளையை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வருடம் ஒரு அப்பா தன் பையனோடு வந்தார். பையன் பிளஸ் ஒன். அப்பா கையில் ஒரு ஃபைல், அதில் எட்டாம் வகுப்பிலிருந்து எல்லா மார்க் ஷீட்டும் வரிசையாக. "சார், போனுக்கு அடிமையாயிட்டான். ராத்திரி மூணு மணி வரைக்கும் நோண்டிக்கிட்டே இருக்கான். அதை மட்டும் நிறுத்திக் கொடுங்க, போதும்." பையன் ஓபி சீட்டின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் எதைக் கேட்டாலும் பதில் அப்பாவிடமிருந்துதான் வந்தது.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் உட்காரவைத்துப் பேசி விவரம் எழுதுகிற வேலை என்னுடையது. வீட்டார் பக்கமும் சரி, எங்கள் பக்கமும் சரி, திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள் சில இருக்கின்றன. அதில் பெரியது இதுதான்: வீட்டார் கொண்டுவருகிற புகாரையே நோய் என்று எழுதிக்கொள்வது.

அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். பையன் பேசவே இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் கேட்டான், "நான் சொல்றது அப்பாகிட்ட போகுமா சார்?" விஷயம் இதுதான். ஜூன் மாதம் பைக் விபத்தில் நண்பன் இறந்துவிட்டான். பின்னால் உட்கார்ந்து போக வேண்டியவன் இவன், டியூஷன் இருக்கிறது என்று அன்றைக்குப் போகவில்லை. அதிலிருந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை, தூக்கம் வராததால் போன். (அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பா சொன்னதில் பொய் இல்லை, மூன்று மணி வரை போன் பார்த்தது உண்மைதான். ஆனால் எது முதலில், எது பின்னால் என்பது தலைகீழாகிவிட்டது. போனைப் பிடுங்கியிருந்தால் அந்தப் பிள்ளையை ராத்திரி முழுக்க அந்த நினைப்போடு தனியாக விட்டிருப்போம்.

அவன் கேட்ட கேள்விக்கு "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா" என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே தீர வேண்டும். இந்த இரண்டையும் தவிர மற்றது நமக்குள் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால்தான் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள்.

கேட்கிற வரிசையும் முக்கியம். வீட்டில் யார் யார், பள்ளிக்கூடம் எப்படி, சாப்பாடு, விளையாட்டு, நண்பர்கள் என்று எளிதானதில் தொடங்கி, போதை, காதல், உடல் சம்பந்தமானது, சாகிற எண்ணம் என்று மெல்லக் கடினமானதுக்குப் போக வேண்டும். பலர் சங்கடப்பட்டுப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "எங்க பையன் அந்த மாதிரி இல்லீங்க" என்று அம்மா சொன்னதை நம்பி கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கிற புகையிலை) பற்றியோ கஞ்சா பற்றியோ போதைக்காகப் போடுகிற வலி மாத்திரை பற்றியோ கேட்காமல் விட்டால், மாதக்கணக்கில் இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும்.

தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, ஆராய்ச்சிகளும் அதைத்தான் சொல்கின்றன. "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகவே கேட்கலாம். "தப்பான எண்ணம் ஏதாவது..." என்று இழுத்தால் அவர்களுக்கு என்ன கேட்கிறோம் என்றே புரியாது. ஆமாம் என்று சொன்னால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நடுராத்திரி என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வித்தாள் விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க பி.எச்.க்யூ-9 என்று 9 கேள்வி உள்ள தாள் ஒன்று பல இடங்களில் கொடுப்பார்கள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 மதிப்பெண். ஒன்பதாவது கேள்விதான் சாவு பற்றியது. அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்போது எந்தப் பெண் அதில் உண்மையை டிக் செய்வாள்? பூஜ்யம் போட்டுவிட்டுத் தாளை நீட்டிவிடுவாள். எண்ணை வைத்து நோயைச் சொல்வதும் தவறு, எண் குறைவு என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வளர்கிற பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். "எதிர்த்துப் பேசுறான்" என்று வருகிற பையன்களில் சிலரை அதனால்தான் கோட்டை விடுகிறோம்.

உடம்பையும் பார்க்காமல் விடக் கூடாது. எப்போதும் களைப்பு, படிப்பில் மனசு நிற்கவில்லை என்று வருகிற பெண்ணுக்கு ரத்தசோகையோ தைராய்டு குறைவோ இருக்கலாம், மாதவிடாய் பற்றி யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். திடீர் திடீரென்று வெறித்துப் பார்ப்பது வலிப்பாகக்கூட இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் குடும்ப வரலாறு. கல்யாணம் பேசுகிற இடத்தில் மறைப்பது போலவே இங்கேயும் மறைப்பார்கள். பெரியப்பா இரண்டு மாதம் தூங்காமல் கடன் வாங்கிக் கடை கடையாகத் திறந்தது, அப்புறம் ஆறு மாதம் அறையை விட்டு வராதது எல்லாம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இப்படி அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநோய் இருக்கிற இடத்தில் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது அந்த அளவுமீறிய உற்சாகத்தை, அதாவது பித்து நிலையை, தூண்டிவிடலாம்.

இதெல்லாம் முதல் நாளோடு முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. மாத்திரை தொடங்கியதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், ஆனால் அந்த முதல் சில வாரங்களில்தான் இளம் வயதினர் சிலருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே இதை மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்னது, 2007-ல் 24 வயது வரை நீட்டித்தது. அதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். "மாசம் கழிச்சு வாங்க" என்றால் "சார், அடுத்த வாரமே ஒரு தடவை காட்டட்டுமா?" என்று கேளுங்கள்.

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் மாதிரி மருந்துகளில் எடை ஏறலாம். தொடங்குவதற்கு முன்னால் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறித்துவைத்தால்தான் பிறகு எவ்வளவு ஏறியது என்று தெரியும். இதைச் செய்யாததால் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஜன்னல் கம்பி வழியாக மாத்திரையை வீசிக்கொண்டிருந்தாள், பாவாடை எதுவும் சேரவில்லை என்ற கோபம். வீட்டுக்குத் தெரியாது. மருந்து கேட்கவில்லை என்று அளவு கூட்டப்பட்டது. அதையும் வீசினாள். மாத்திரையால் உடம்பில் உனக்குப் பிடிக்காத மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

முன்னேற்றத்தை அளப்பதும் அப்படித்தான். பெற்றோர் மார்க்கைப் பார்க்கிறார்கள், நாங்கள் எண்ணைப் பார்க்கிறோம். மதியம் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானா, குளிக்கிறானா, சிரித்தானா என்று யாராவது கேட்க வேண்டாமா? பள்ளி ஆசிரியரிடம், பிள்ளையின் சம்மதத்தோடு, ஒரு வார்த்தை விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்தப் பையன் நான்காவது மாதம் வந்தபோது சீட்டைக் கிழிக்கவில்லை. பன்னிரண்டரைக்குத் தூங்கிவிடுகிறானாம், நண்பன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறான். அப்பா ஃபைலைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "எல்லாம் சரி சார், இப்பவும் போன் பாக்குறான்" என்றார்.