நிலா தேய்வது பூமியின் நிழலால் அல்ல

தங்கை மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது' என்று நோட்டில் எழுதியிருந்தாள். படித்த பெரியவர்களே பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். நிழல் விழுந்தால் அது சந்திர கிரகணம். அதுவும் பௌர்ணமியன்று மட்டும்தான் நடக்கும்.

கொஞ்சம் யோசியுங்கள். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். மூன்றாம் பிறையோ சூரியன் மறைந்த அதே மேற்கில், அதற்குச் சற்று மேலே தெரிகிறது. அங்கே நம் நிழல் எப்படி எட்டும்?

வளர்பிறை அஷ்டமியன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஓர் எலுமிச்சம்பழத்தோடு மொட்டை மாடிக்குப் போங்கள். பகலில் நிலா இருக்காது என்று நினைப்பதும் தவறுதான். அன்று உச்சிப்பொழுதை ஒட்டியே அது எழுந்துவிடும். கிழக்குப் பக்கம் நன்றாக மேலேறி, வெளுத்த பாதி வட்டமாக நிற்கும். பழத்தில் வெயில் படும்படி, நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு கையை நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் ஒளியோ, பழத்திலும் அதே பக்கம் ஒளி இருக்கும். பாதி மஞ்சள், பாதி மங்கல். நிலாவுக்கும் எப்போதும் பாதியில் வெயில்தான். அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. எங்கள் மாடியில் அந்தப் பெண் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, நிலா மாதிரியே இருக்கு!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, படம் வரைவதில் வரும் தவறு. பிறையை எப்போதும் அரிவாள் போல நிமிர்த்தியே வரைகிறோம். அது வடக்கே வெகுதூரத்தில் வாழ்பவர்கள் காணும் பிறை. வேலூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 13 பாகைதான் வடக்கே. மாசி, பங்குனியில் கோட்டைக்கு எதிரே நின்று மேற்கே பாருங்கள், மதிலுக்கு மேலே பிறை தோணி போலப் படுத்திருக்கும். பிள்ளைகள் கண்ணால் கண்டதை வரையட்டும்.

பைனாகுலர் வாங்கியவர்கள் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று வெயில் நேராக விழுவதால் நிலா தட்டையாகத் தெரியும். அஷ்டமி, நவமியில் ஒளியும் இருளும் சேரும் ஓரத்தைப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். காவலூர் வானாய்வகத்தில் மங்கலான விண்மீன்களைப் பார்ப்பதற்கோ அமாவாசையை ஒட்டிய இருட்டுதான் தோது.

அப்புறம், 27 நாள் கணக்கு. நிலா பூமியைச் சுற்றிவர 27.3 நாள் ஆவது சரி. ஆனால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றி நகர்ந்துவிடுவதால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 29.5 நாள் ஆகும்.

திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும். மறுநாளும் முழு நிலா போலத்தான் தெரியும், ஆனால் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும்.