அமடோலாவின் ஆயுதக் கணக்கைத் திருத்துவது எப்படி? கடற்போர் சிமுலேஷன் தரவுத்தளம்: தொடக்கப் பாடம்

சிமுலேஷனில் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் அமடோலா போர்க்கப்பலை ஓட்டுகிறீர்கள். 20 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் விமானத்தை அதன் உம்கொண்டோ ஏவுகணை அடித்து வீழ்த்துகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு தப்பு. அந்த ஏவுகணைக்குப் பொதுவில் சொல்லப்படும் வீச்சு 12 கிலோமீட்டர்தான். யாரோ 12 என்ற எண்ணைக் கடல் மைல் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 12 கடல் மைல் 22.2 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அந்தக் கட்டத்துக்குச் சரியான எண் 6.48.

டர்பன் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களைப் பார்த்துவிட்டு இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு, சொந்த நாட்டுக் கப்பலில் தொடங்குவதே வசதி. அமடோலா, ஐசண்டில்வானா, ஸ்பியன்கோப், மெண்டி ஆகிய நான்கும் ஒரே வகுப்பு, மெக்கோ ஏ-200 என்ற வடிவமைப்பு. நான்கும் 2000களின் நடுப்பகுதியில் சேவைக்கு வந்தவை.

தரவுத்தளத்தை எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தள வகை) கோப்பாகத் திறந்து தரும் சிமுலேஷன்களுக்கு இந்தப் பாடம் பொருந்தும். சில வணிக விளையாட்டுகள் கோப்பைப் பூட்டியே தருகின்றன; அவற்றில் கை வைக்கவேண்டாம். டேபிள்களின் பெயர் ஒவ்வொன்றிலும் வேறுபடும், அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் நகல்

சிமுலேஷனை முழுதாக மூடிவிட்டுத்தான் கோப்பை நகலெடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்தால், கடைசி மாற்றங்கள் பக்கத்தில் இருக்கும் தற்காலிகக் கோப்பிலேயே தங்கிப்போகலாம், நகல் அரைகுறையாகும். நகலின் பெயரில் தேதியைச் சேருங்கள். நம் ஊரில் மின்தடை அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவது நல்லது. சேமிக்காத திருத்தம் மின்சாரத்தோடு போய்விடும்.

எந்த டேபிளில் எது இருக்கிறது

டிபி பிரௌசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவசக் கருவியில் நகலைத் திறந்து, "பிரௌஸ் டேட்டா" பக்கத்துக்குப் போங்கள். கப்பல் வரியில் ஆயுதம் நேராக இருக்காது. கப்பல் ஒரு பீடத்தை, அதாவது ஆயுதம் பொருத்தியிருக்கும் இடத்தை, சுட்டும். பீடம் ஓர் ஆயுதத்தைச் சுட்டும். பீடத்தின் வரியில் எத்தனை குழாய், எத்தனை குண்டு கையிருப்பு என்பது இருக்கும். வீச்சு, வேகம், வழிகாட்டும் முறை ஆகியவை ஆயுத வரியில் இருக்கும். ராடாருக்கும் சோனாருக்கும் தனி டேபிள், சென்சார் டேபிள்.

புதியவர்கள் வழுக்குகிற இடம் இதுதான். ஆயுத வரி பொதுப் பானைச் சாம்பார் மாதிரி: ஒரு கை உப்பு கூடினால் எல்லா இலையிலும் கரிக்கும். பின்லாந்துக் கடற்படையும் உம்கொண்டோ வாங்கியது. அல்ஜீரியாவின் மெக்கோ கப்பல்களிலும் அது இருக்கிறது. வரியில் இருப்பது அலகுப் பிழை என்றால் நேராகத் திருத்துங்கள், எல்லாருக்கும் நல்லது. ஆனால் நம் கப்பலுக்கு மட்டும் உரிய வேறுபாடு என்றால், அந்த வரியின் இடது ஓரத்தில் இருக்கும் வரி எண்ணின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, "டூப்ளிகேட் ரெக்கார்ட்" கொடுத்துப் புது எண்ணில் நகலெடுத்து, நம் பீடத்தை மட்டும் அதற்குத் திருப்புங்கள். வீச்சு கூடிய பிந்தைய வகை ஏவுகணைக்கும் இப்படித் தனி வரிதான். பழைய வரியை அழிக்காதீர்கள். அதைச் சுட்டிக்கொண்டிருக்கும் கப்பல்கள் வெறுங்கையோடு கடலுக்குப் போகும்.

இந்தக் கப்பலில் பார்க்கவேண்டியவை

முன்பக்க 76 மில்லிமீட்டர் பீரங்கி, பழைய ஏவுகணைப் படகுகளிலிருந்து கழற்றிப் புதுப்பித்துப் பொருத்தியது. அது காம்பாக்ட் வகை, நிமிடத்துக்கு 85 குண்டு. பல தரவுத்தளங்களில் 120 என்று இருக்கும். அது சூப்பர் ராப்பிட் என்ற வேகமான வகையின் கணக்கு.

35 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கிக்கு, நிமிடத்துக்குக் குழல் ஒன்றுக்கு 550 குண்டு, இரண்டுக்கும் சேர்த்து 1,100. "குழல் எண்ணிக்கை 2" என்று தனிக் கட்டம் இருந்தால் வேகத்தில் 550தான் போடவேண்டும். 1,100 போட்டால் சிமுலேஷன் மறுபடி இரண்டால் பெருக்கும். கப்பல் வெல்லமுடியாததாகத் தெரியும், கையிருப்பும் கண்ணிமைக்கும் நேரத்தில் காலியாகும்.

உம்கொண்டோ செங்குத்துக் குழாய்கள் 16. ஒரு பீடம், அதில் 16 ஏவுகணை என்று இருக்கவேண்டும். 16 பீடம், ஒவ்வொன்றிலும் 16 என்று இருந்தால் 256 ஆகிவிடும். கப்பல்களைத் தாக்கும் எக்சோசெட் ஏவுகணை 8.

அடுத்தது வழிகாட்டும் முறை. உம்கொண்டோ ஏவிய பிறகு வெப்பத்தை வைத்துத் தானே இலக்கைப் பிடிக்கும். கப்பலின் ராடார் கடைசிவரை இலக்கின் மேல் கதிர் பாய்ச்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஒளிர்வு ராடார் தேவை" என்ற கட்டத்தில் 1 இருந்தால் 0 ஆக்குங்கள். இல்லையென்றால், கப்பலில் இலக்கைப் பின்தொடரும் டிராக்கர் இரண்டுதானே என்று சிமுலேஷன் ஒரே நேரத்தில் இரண்டு இலக்குக்கு மேல் சுட மறுக்கும். ஏவுகணை இருந்தும் ஏன் சுடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற பலருக்கு விடை இந்த ஒற்றைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ராடார் எழுத்துக் குழப்பம்

கப்பலின் முப்பரிமாணத் தேடு ராடார் நேட்டோ முறைப்படி ஜி அலைவரிசை, அதாவது 4 முதல் 6 கிகாஹெர்ட்ஸ். பொறியாளர்கள் பயன்படுத்தும் ஐஇஇஇ முறையில் இதே பகுதி சி அலைவரிசைக்குள் வரும். ஆனால் நேட்டோ முறையில் சி என்றால் 0.5 முதல் 1 கிகாஹெர்ட்ஸ்! ஒரு கட்டுரையில் "சி" என்று படித்துவிட்டு நேட்டோ கட்டத்தில் அப்படியே தட்டினால், ராடாரைக் குழப்பும் எதிரியின் ஜாமர் இந்த ராடாரைத் தொடவே தொடாது, அல்லது தொடக்கூடாத ஜாமர் தொடும். எழுத்தை நம்பாமல் கிகாஹெர்ட்ஸைப் பாருங்கள். டிராக்கர்கள் எக்ஸ் அலைவரிசை; நேட்டோ முறையில் அது ஐ, ஜே இரண்டிலும் விழும்.

காற்புள்ளிப் பிழை

எக்செலில் திருத்தி, சிஎஸ்வி (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும்) கோப்பாக இறக்குமதி செய்கிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தனித் தலைவலி. விண்டோஸில் இந்நாட்டு அமைப்பு தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும். 6.48 என்பது 6,48 ஆகப் போய், உள்ளே எழுத்தாகப் பதிவாகும், அல்லது இரண்டு கட்டமாகப் பிரியும். ஓரிரு எண்களை டிபி பிரௌசரிலேயே கையால் மாற்றுவது மேல். நிறைய இருந்தால் விண்டோஸின் பிராந்திய அமைப்பில் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றிக்கொண்டு தொடங்குங்கள்.

முடிந்ததும் "ரைட் சேஞ்சஸ்". அதை அழுத்தாதவரை எதுவும் கோப்பில் ஏறாது.

சோதனை

வெறுங்கடலில் அமடோலாவை மட்டும் நிறுத்துங்கள். நேராகக் கப்பலை நோக்கி ஒரு விமானத்தைப் பறக்கவிடுங்கள். 15 கிலோமீட்டரில் உம்கொண்டோ சுடக்கூடாது, 11இல் சுடவேண்டும். பிறகு நான்கு விமானங்களை ஒன்றாக அனுப்புங்கள். இரண்டோடு நின்றுவிட்டால் ஒளிர்வுக் கட்டம் இன்னும் 1தான்.

ராடாருக்கு, 5 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஏவுகணையை அனுப்புங்கள். அடிவானக் கணக்கு எளிது: இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். ஆன்டெனா 20 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 27.6 வரும். ராடாரின் வீச்சு எத்தனை பெரிதாக இருந்தாலும் இதற்கு முன் அந்த ஏவுகணை தெரியக்கூடாது. ஏறக்குறைய 43 கிலோமீட்டரிலேயே தெரிகிறதா? 20 மீட்டர் என்பது 66 அடி. யாரோ அந்த 66ஐ மீட்டர் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். சென்சார் டேபிளுக்குத் திரும்புங்கள்.